நற்சான்று எழுதியவர்களுக்கு என்ன கொடுப்பது

இந்த இங்கிலாந்து ஊரில் ஒருவர் கையில் பரிசுப் பொட்டலத்தைக் கொடுத்தால், கொடுத்தவரை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே அதைப் பிரித்துவிடுகிறார்கள். நம் பக்கம் அப்படிச் செய்தால் அல்பம் என்பார்கள். வாங்கியதை ஓரமாக வைத்துவிட்டு, வந்தவரிடம் நாலு வார்த்தை பேசி, வாசல்வரை போய் வழியனுப்பிய பிறகுதான் நாம் முடிச்சை அவிழ்ப்போம். இங்கே காகிதம் கிழியும் சத்தம் கேட்டால்தான் கொடுத்தவருக்குத் திருப்தி. ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

போன வருடம் அப்படித்தான் எங்கள் மேட்ரனின் அறையில் நின்றேன். மேட்ரன் என்றால் இந்த மருத்துவமனையின் நர்ஸ்கள் அத்தனை பேருக்கும் தலைவி. மகப்பேறு நர்ஸ் பயிற்சிக்கு நான் விண்ணப்பித்திருந்தேன். அதற்கு நற்சான்றுக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு என்ன கொடுப்பது என்று ஒரு வாரம் கடைகடையாக ஏறி இறங்கினேன். கையுறை வாங்கலாம் என்றால் அளவு தெரியாது. வாசனை சோப்பு கொடுத்தால், குளிப்பதில்லையா என்று கேட்பதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். பூ இரண்டு நாளில் வாடிவிடும். கடைசியில் நல்ல தேயிலையாக ஒரு டப்பா வாங்கி, பூப்போட்ட காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனேன்.

அவர் பிரித்தார். “அடடா, இதற்குத் தகுதியாக நான் என்ன செய்துவிட்டேன்?” என்றார். அது பதில் வேண்டாத கேள்வி, இவர்கள் சந்தோஷத்தைக் காட்டும் ஒரு வழக்கம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று தெரியாது. கேள்வி கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும்? நிமிர்ந்து நின்று, “எனக்குக் கடிதம் எழுதினீர்கள், அதற்காக,” என்றேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. “அந்தக் கடிதம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. தபாலுக்குப் போகவில்லை,” என்றார். பிறகு டப்பாவை மூடினார். “நான் அதில் உண்மையைத்தான் எழுதியிருக்கிறேன். உண்மைக்காக யாரும் எனக்குத் தேயிலை கொடுக்க வேண்டியதில்லை.”

அன்று பிற்பகல் அந்த டப்பா எங்கள் வார்டின் சமையலறைக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் குடித்தார்கள். நானும் குடித்தேன். கடிதம் மறுநாள் தபாலில் போனது, இடமும் கிடைத்தது. ஆனால் அந்தத் தேநீர் தொண்டையில் இறங்கியபோது எனக்கு ராயபுரம் ஞாபகம் வந்தது. நான் இதே தவற்றை ஏற்கெனவே ஒரு முறை செய்திருந்தேன். சரியாகச் சொன்னால் என் அம்மா செய்தாள், அதை நான் சுமந்தேன்.

என் பெயர் தேசம்மாள். திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். நைனா கட்டுமரத்தில் போவார். அம்மா மீன் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ராயபுரம்வரை தெருத்தெருவாகப் போவாள். எங்கள் குப்பத்தில் பள்ளி இறுதி வகுப்பைத் தொட்ட முதல் பெண் நான். ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கற்று அங்கேயே இருந்தேன். இங்கிலாந்து மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை, இந்தியப் பெண்களையும் பயிற்சிக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அன்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் அழுகை, ஏச்சு எல்லாம் நடந்தது. நான் விடவில்லை. விண்ணப்பத்துக்கு இரண்டு கடிதங்கள் கேட்டிருந்தார்கள். ஒன்று, குடும்பத்தை நெடுநாளாக அறிந்த ஒருவரிடமிருந்து. மற்றொன்று, என் வேலையை அறிந்த மேலதிகாரியிடமிருந்து.

முதல் கடிதம் சுலபமாகக் கிடைத்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மளிகை மொத்தக் கடை வைத்திருந்த சாலமோன் அண்ணாச்சி எங்களுக்கு வேண்டியவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர், மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவர். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியானபோது, அவர் பிள்ளைகுட்டிகளோடு ஊருக்குப் போகும் அவசரத்தில் கடைச் சாவியை என் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு ஓடுவதற்கு வேறு ஊர் கிடையாது. அவர் திரும்பி வரும்வரை அம்மா அந்தக் கடை வாசலிலேயே கூடையை இறக்கி மீன் விற்றாள். ஒரு மூட்டை அசையவில்லை.

நான் போய்க் கேட்டதும், “இதுக்குப் போயி தயங்குதியே பிள்ள! ஒங்க அம்ம மட்டும் அன்னைக்கு இல்லன்னா இந்தக் கடை இருந்திருக்கும்னா நெனைக்க? உக்காரு, இப்பமே எழுதித் தாரேன்,” என்று கல்லாவிலேயே எழுதிக் கொடுத்தார். மறுநாள் அம்மா ஓர் ஓலைக்கூடை நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். “எங்க ஊருக் கருவாடு கணக்காவுல்லா மணக்கு!” என்று அண்ணாச்சி அங்கேயே முகர்ந்து பார்த்தார். கொடுத்தவளுக்கும் சந்தோஷம், வாங்கியவருக்கும் சந்தோஷம்.

அதனால்தான் அம்மா இரண்டாவது கடிதமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

இரண்டாவது கடிதத்தை எழுத வேண்டியவர் மிஸ் டோரதி, எங்கள் மருத்துவமனையின் தலைமை நர்ஸ். ஆங்கிலோ இந்தியர், ரயில்வே குடும்பம். ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், படுத்த படுக்கையான தன் தாயோடு இருந்தார். வார்டில் இங்கிலீஷ்தான் பேசுவார். கோபம் வந்தாலும் பிரசவ அறைக்குள் நுழைந்தாலும் மட்டும் சுத்தமான மெட்ராஸ் பாஷை வரும். இங்கிலாந்தை அவர் ‘ஹோம்’ என்றே சொல்வார். அவரோ அவருடைய அப்பாவோ அந்த நாட்டைப் பார்த்ததில்லை. ஒரு பழைய காலண்டரில் இருந்த பச்சை வயல் படத்தை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

கடிதம் கேட்டபோது, “திங்கக்கிழமை எழுதறேன்,” என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனாவின் வலையில் பெரிய வஞ்சரம் ஒன்று விழுந்தது.

“இன்னாமே, ஒர்த்தர்கிட்ட காயிதம் எய்திக் குடுன்னு கேட்டுட்டு வெறுங்கையோட நிப்பியா? நம்ம வூட்ல மீனுக்கா பஞ்சம்?” என்றாள் அம்மா. வேண்டாம், அவங்க ஒரு மாதிரி என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, வாழை இலையில் மீனைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் மீன் இல்லை, முகத்தில் ரத்தமும் இல்லை.

“எடுத்துக்கினு போன்னு சொல்லிட்டு மூஞ்சிமேலயே கதவ சாத்திக்கினாங்க. படியில வெச்சிட்டு வந்துட்டேன். நான் இன்னா திருட்டு மீனா குட்த்தேன்? நம்மளப் பாத்தா அவ்ளோ கலீஜா கீதா?” சொல்லிவிட்டு அம்மா அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை மதியம் வார்டில் நோயாளிகளுக்கு மீன் குழம்பு. மிஸ் டோரதி என்னைக் கூப்பிட்டு, என் கையாலேயே எல்லோருக்கும் பரிமாறச் சொன்னார். இருபத்தெட்டுக் கட்டில். ஒவ்வொரு தட்டிலும் எங்கள் வஞ்சரத்தின் ஒரு துண்டு. முடிந்ததும் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“இன்னிக்கு எழுதலாம்னு இருந்தேன். இனிமே எப்பிடி எழுதறது? நல்ல பொண்ணுன்னு எழுதினா, மீன் வாங்கிக்கினு எழுதினதா ஆவும். வேற யாரையாவது கேளு.”

வேறு யாரும் இல்லை. தபால் சேர வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. முந்தைய நாள் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அம்மாவின் முதுகு என் கண்முன் நின்றது. அதனால்தான் எனக்கு அந்தக் குரல் வந்திருக்க வேண்டும்.

“மிஸ், மீனு வார்டுக்குப் பூட்ச்சி. நீங்க ஒரு முள்ளுகூடத் தொடல. அப்புறம் எங்க கீது லஞ்சம்? என் வேலை மோசம்னு நெனச்சா, மோசம்னே எய்துங்க. ஒட்டிக் குடுங்க, நானே தபால்ல போட்றேன். ஆனா ஒரு மீனுக்கோசரம் எய்தாம வுட்றாதீங்க.”

அவர் இழுப்பறையைத் திறந்து காகிதம் எடுத்தார். நான் நின்றுகொண்டே இருக்க, இரண்டு பக்கம் எழுதி உறையில் போட்டு ஒட்டி என் கையில் கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தேன். நல்லதோ கெட்டதோ, என் வார்த்தையைக் காப்பாற்றினேன்.

இடம் கிடைத்துவிட்டது என்று பதில் வந்த பிறகு, அவருக்கு ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. யானைக்கவுனிப் பக்கம் துணிக்கடைகளில் இரண்டு நாள் அலைந்து, கவுன் தைக்க நீலப் பூப்போட்ட துணி நாலு கஜம் வாங்கினேன். “லெட்டர் போய்ச் சேந்துச்சா?” என்று கேட்டார். “சேந்துச்சு மிஸ். பதிலும் வந்துடுச்சு.” “அப்ப குடு,” என்று வாங்கிக்கொண்டார். பிரிக்கவில்லை. “ஹோம் எப்பிடி கீதுன்னு எனக்கு எழுது. பொய் எழுதாத,” என்றார்.

பொய் எழுதவில்லை. பேசின் பிரிட்ஜ் மின் நிலையத்துப் புகையை ஊர் முழுக்கப் பரப்பி, அதன்மேல் ஐஸ் தண்ணீரைத் தெளித்தால் எப்படியோ அப்படி இருக்கிறது என்று முதல் கடிதத்திலேயே எழுதினேன். நான் வந்து சேர்ந்தது வட இங்கிலாந்தின் ஒரு பஞ்சாலை ஊர். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகத் திரும்பும். பச்சை வயலைப் பார்க்க பஸ் பிடித்துப் போக வேண்டும். மிஸ் டோரதி அதை நம்பவில்லை. நான் தவறான ஊருக்குப் போய்விட்டதாகப் பதில் எழுதினார். வருடத்துக்கு இரண்டு கடிதம் என்று அது தொடர்ந்தது.

தேயிலை டப்பா விவகாரம் நடந்து மூன்று மாதம் கழித்து வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. அவருடைய தாய் இறந்துவிட்டார். தம்பிகள் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். தெருவில் தங்கள் ஜனங்கள் பாதிப் பேர் இல்லை என்று எழுதியிருந்தார். இங்கே நான் இருக்கும் மருத்துவமனையின் மகப்பேறு வார்டு வேலைக்கே விண்ணப்பித்திருக்கிறாராம். கூட வேலை செய்தவரும் இப்போது இந்த நாட்டில் இருப்பவருமான ஒருவரிடமிருந்து நற்சான்று வேண்டுமாம். கடைசி வரி இது: “உன்னைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது. உண்மையை மட்டும் எழுது.”

நான் எழுதுவதா? அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்த கை இது. நாலு காகிதம் கிழித்தேன். ‘மிக நல்லவர், மிகத் திறமையானவர்’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தால், யாரோ முன்பின் தெரியாதவரைப் பற்றி எழுதியதுபோல் இருந்தது. ஊரில் இருந்தவரை சிபாரிசு என்றால் பெரிய மனிதரின் கையெழுத்து என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான் அது, அதனால்தான் அது அத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஐந்தாவது காகிதத்தில், ஒரு மில் தொழிலாளியின் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது அவர் ஒன்பது மணி நேரம் உட்காராமல் நின்றதை எழுதினேன். பிறகு யோசித்து யோசித்து, என் அம்மாவின் மீனையும் எழுதினேன். அவர் கதவைச் சாத்தியதையும், எனக்கு வந்த கோபத்தையும், இருபத்தெட்டுக் கட்டிலையும் ஒன்று விடாமல் எழுதினேன்.

அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, மேலதிகாரியைப் பற்றிக் கீழே வேலை செய்தவர் எழுதும் வழக்கம் இல்லை, இதை ஏற்க முடியாது என்றாள். நான் அதே காகிதத்தோடு நேராக மேட்ரன் அறைக்குப் போனேன். இந்த முறை கையில் பொட்டலம் எதுவும் இல்லை.

“எனக்கு அந்த அம்மாளைத் தெரியாதே,” என்றார் மேட்ரன்.

“என்னைத் தெரியும்,” என்றேன். “நான் நல்ல நர்ஸ் என்று எழுதினீர்கள். அது உண்மை என்றும் சொன்னீர்கள். அந்த வேலை முழுவதையும் நான் அவரிடம்தான் கற்றேன்.”

மேட்ரன் என் கடிதத்தை வாங்கிப் படித்தார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எழுந்துபோய் இரும்பு அலமாரியிலிருந்து என் பெயர் எழுதிய கோப்பை எடுத்தார். அதிலிருந்து மடிப்பு மஞ்சளேறிய ஒரு காகிதத்தைப் பிரித்து, என் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மிஸ் டோரதியின் சாய்ந்த கையெழுத்து. நான் தபாலில் போட்டும் படிக்காத இரண்டு பக்கம்.

“இப்படிக் காட்டக் கூடாதுதான்,” என்று சொல்லி, ஓரிடத்தில் விரலை வைத்தார். இங்கிலீஷில் இருந்ததை என் தமிழில் தருகிறேன்: ‘இவளுடைய தாய் எனக்கு ஒரு மீன் கொண்டுவந்தார். நான் மரியாதையில்லாமல் நடந்துகொண்டேன். கடிதம் தர மாட்டேன் என்றதும் இந்தப் பெண், தன்னைப் பற்றிக் கெட்டதாக எழுதினாலும் தானே தபாலில் போடுவதாகச் சொன்னாள். இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.’

எழுத்து எனக்குக் கலங்கித் தெரிந்தது. மேட்ரன் கைக்குட்டையை நீட்டினார். “உங்கள் ஊரில் மீன் இல்லாமல் யாரும் யாரைப் பற்றியும் எழுத மாட்டீர்களா?” என்றார். இது பதில் வேண்டாத கேள்வி என்று இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது. இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் குத்தி, மேலே தன் கைப்பட ஒரு வரி எழுதித் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார்.

மிஸ் டோரதிக்கு வேலை கிடைத்தது. உடனே எனக்கு எழுதினார்: “கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, பதிலும் வந்துவிட்டது. இனி நான் கொடுக்கலாம், நீ வாங்கலாம். உனக்கு என்ன கொண்டு வரட்டும்?”

எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எதுவும் கொண்டு வர வேண்டாம், கப்பலேறும் முன் எங்கள் குப்பத்துக்குப் போய் என் அம்மா கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதினேன். அதைத் தவிர எது கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்றும் எழுதினேன். அம்மா அவரை அதுவரை மன்னித்திருக்கவில்லை. ராயபுரத்தில் அந்தத் தெருவுக்குள் மட்டும் கூடையோடு போவதையே விட்டிருந்தாள்.

என்ன நடந்தது என்பதை அம்மாவின் கடிதத்தில்தான் படித்தேன். அம்மா சொல்லச் சொல்ல அண்ணாச்சி எழுதுவது வழக்கம். அம்மாவின் பேச்சு நடுநடுவே திருநெல்வேலிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். “அந்தம்மா சூஸு கால மணல்ல இஸ்த்துக்கினு வந்துச்சி. உக்காருன்னு சொல்லல. அன்னிக்கு ஏன் கதவ சாத்துனேன்னு நேராவே கேட்டுட்டேன். தப்புதாம்மா, மன்னிச்சுக்கோன்னு சொல்லிச்சி. நானும் சட்டிய எறக்கி வச்சேம்லா. மன்னிப்பு கெடக்கட்டும், துன்றியான்னு கேட்டேன். சங்கரா மீனு கொயம்பு. மூணு தபா சோறு வாங்கிக்கிச்சி. கையாலதான் துன்னுச்சி, ஒரு முள்ளு தொண்டையில மாட்டல. நம்ம ஆளுதான் போலக் கீது.” கீழே அண்ணாச்சி தன் சார்பில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “எனக்கும் ஒரு சட்டி வந்தது. குழம்பு பிரமாதம்.”

போன மாதம் மிஸ் டோரதி வந்து சேர்ந்தார். ரயிலடியில் இறங்கியதும் ஊர்மேல் கவிந்திருந்த புகையையும், வரிசையாக நின்ற கரிய செங்கல் வீடுகளையும் பார்த்தார். நான் எதையும் சொல்லிக்காட்டவில்லை. பெட்டிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு நடந்தேன். வழியில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். ராயபுரத்தில் அவர் என்னைத் தொட்டதே இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவர் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருந்தது. நிரந்தர முகவரி என்ற இடத்தில் இங்கே நர்ஸ்கள் தங்கும் விடுதியின் பெயரை எழுதினார். பேனாவை எடுக்காமல் யோசித்து, அதற்குக் கீழேயே ராயபுரத்துத் தெருவையும் எழுதினார். ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்று அந்த அலுவலகப் பெண் சொன்னாள். மிஸ் டோரதி எதையும் அடிக்கவில்லை. அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டிய உறவினர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். பக்கத்தில், என்ன உறவு என்று ஒரு சின்னக் கட்டம். அங்கே பேனா நின்றுவிட்டது.

“இன்னாடி போட்றது?” என்று என்னைப் பார்த்தார்.

பேனாவை வாங்கி, ‘சிஸ்டர்’ என்று நானே எழுதினேன்.

அலுவலகப் பெண் படித்தாள். கவுன் போட்ட வெளுத்த பெண்மணியையும், புடவைமேல் கோட்டுப் போட்டுக்கொண்டு கறுப்பாக நின்ற என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். “வார்டு சிஸ்டரா, கூடப் பிறந்த சிஸ்டரா?” என்று கேட்டாள்.

“ஆமாம்,” என்றோம் இருவரும், ஒரே நேரத்தில்.

அவள் எதை எடுத்துக்கொண்டாளோ தெரியாது. இரண்டு முகவரிகளும் அடிக்கப்படாமல் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்க, மை காய்வதற்காக அந்தப் படிவத்தை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள்.